ஓபெத்தின் மாற்றத்தைக் காதால் தொடர்வது எப்படி: டெத் மெட்டலிலிருந்து ப்ராக்ரெசிவ் ராக் வரை

சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் 1990-ஐ ஒட்டித் தோன்றிய ஓபெத் இசைக்குழு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் டெத் மெட்டல் குழுவாகவே அறியப்பட்டிருந்து, 2011-இல் வெளியான ‘ஹெரிட்டேஜ்’ தொகுப்பில் உறுமல் குரலை அடியோடு கைவிட்டு 1970-களின் ப்ராக்ரெசிவ் ராக் பக்கம் திரும்பியது. மெட்டல் கேட்பவர்கள் பலருக்கும் இது தெரிந்த செய்திதான். உறுமல் போயிற்று, அத்தோடு மெட்டலும் போயிற்று என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. தொகுப்புகளை வரிசைப்படி கேட்டால் நிலைமை வேறாக இருக்கிறது. குரல் மாறியது இந்தப் பயணத்தின் பிற்பகுதியில் நடந்த ஒன்று. அதற்கு முன்பே பாட்டின் கட்டமைப்பும், கீபோர்டின் இடமும், கிதாரின் தொனியும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அளவுகளில் நகர்ந்திருந்தன. அந்த நகர்வுகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்க எந்த வரிசையில் போக வேண்டும், எதை எதனோடு சேர்த்துக் கேட்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கவனம் எதன்மேல் இருக்க வேண்டும் என்பதற்கான வழிகாட்டி இது.

தொடங்குவதற்கு முன் இரண்டு பெயர்களை மட்டும் தெளிவுபடுத்திக்கொள்வோம். டெத் மெட்டல் என்பது 1980-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும், சற்றுப் பின்னால் ஸ்டாக்ஹோமிலும் வலுப்பெற்ற வடிவம். சுருதி இறக்கப்பட்ட கிதார்கள், அடர்த்தியான டிஸ்டார்ஷன் (கிதாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குவது), இரு கால்களாலும் அடிக்கப்படும் டபுள் பாஸ் டிரம், தொண்டையின் அடியிலிருந்து வரும் உறுமல் ஆகியவை அதன் அடையாளங்கள். ப்ராக்ரெசிவ் ராக், சுருக்கமாக ப்ராக், 1960-களின் இறுதியில் பெரும்பாலும் இங்கிலாந்தில் உருவானது. கிங் கிரிம்சன், ஜெனிசிஸ், யெஸ், கேமல், வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் போன்ற குழுக்கள் பல பகுதிகளாக விரியும் நீண்ட பாடல்களையும், நான்கின் மடங்கில் அடங்காத தாளங்களையும், மெலோட்ரான், ஹாமண்ட் ஆர்கன் போன்ற கீபோர்டு கருவிகளையும் தங்கள் மொழியாகக் கொண்டிருந்தன. ஓபெத்தின் பாடகரும் கிதார் கலைஞரும் பாடல்களில் மிகப் பெரும்பாலானவற்றை எழுதுபவருமான மிக்கேல் ஓக்கர்ஃபெல்ட் இந்த இரண்டு உலகங்களின் ரசிகராகவும் ஒரே நேரத்தில் இருந்தவர். பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர் என்பதும் அவரைப் பற்றிப் பரவலாகத் தெரிந்த செய்தி.

கேட்பதற்கான ஏற்பாடு

செயலியில் பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியையும், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு குழைக்கும் வசதியையும் முதலில் நிறுத்திவிடுங்கள். ஓபெத்தின் தொகுப்புகளில் பாடல்களுக்கு இடைப்பட்ட அமைதியும் திட்டமிட்டதுதான். கைபேசியின் சொந்த ஒலிபெருக்கியில் பாஸ் கிதார் அநேகமாகக் கேட்காது. இந்தக் குழுவின் மாற்றத்தில் பாதி அந்தக் கருவியில்தான் நடக்கிறது என்பதால் சுமாரான ஹெட்ஃபோனாவது வேண்டும். ஒலியளவை ஒரு முறை வைத்தபின் தொகுப்புக்குத் தொகுப்பு மாற்றாமல் இருப்பது நல்லது. ஒரு பதிவு மற்றதைவிட அடக்கமாக ஒலிக்கிறது என்றால் அதுவும் குறித்துக்கொள்ள வேண்டிய தகவல்தான். பாடல் வரிகளை முதல் சுற்றில் படிக்க வேண்டாம்.

பதிப்புகளைப் பற்றி ஒரு சிறு எச்சரிக்கை. ‘டெலிவரன்ஸ்’, ‘டாம்னேஷன்’ ஆகிய இரு தொகுப்புகளும் 2015-இல் புதிதாக மிக்ஸ் செய்யப்பட்டு மறுவெளியீடு கண்டன. எந்தப் பதிப்பைக் கேட்டாலும் குற்றமில்லை. ஆனால் ஒன்றைப் பழைய பதிப்பிலும் மற்றதைப் புதிய பதிப்பிலும் கேட்டு ஒப்பிட்டால், இசைக்குழு செய்த மாற்றம் எது, ஒலிப்பொறியாளர் செய்த மாற்றம் எது என்று பிரித்தறிய முடியாது.

முதல் தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம்

1995-இல் வந்த ‘ஆர்க்கிட்’ தொகுப்பிலிருந்து ஆண்டு வரிசையில் போவதுதான் முறை என்று தோன்றும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்ககாலப் பதிவுகளின் கரடுமுரடான ஒலியும், பத்து நிமிடத்தைத் தாண்டும் பாடல்களும் புதிதாக வருபவரை அயரவைத்துவிடும். எதைத் தேடுகிறோம் என்பது செவிக்குப் பிடிபட்டபின் அங்கே திரும்பிப் போனால் வேண்டியது கிடைக்கும். தொடங்க வேண்டிய இடம் 2002-இன் ‘டெலிவரன்ஸ்’, 2003-இன் ‘டாம்னேஷன்’ என்னும் இரட்டை. இவை இரண்டும் ஒரே காலகட்டத்தில், அதே நான்கு பேரால், ஒரே முயற்சியாகப் பதிவு செய்யப்பட்டுத் தனித்தனியாக வெளியானவை. ஒன்று அதுவரையிலான அவர்களுடைய பதிவுகளில் மிகக் கனமான ஒன்று. மற்றதில் உறுமலே கிடையாது. ஆட்கள், ஆண்டு, மனநிலை எல்லாம் ஒன்றாக இருக்கையில் இசை மட்டும் வேறாக இருப்பதால், ஒரு பாணியை மற்றொன்றிலிருந்து பிரிப்பது எது என்று பார்க்க இதைவிட வசதியான சோதனைக்கூடம் மெட்டல் இசையில் அரிது.

கேட்கும் முறை இது. முதலில் ‘டெலிவரன்ஸ்’ தொகுப்பின் தலைப்புப் பாடலைக் கேளுங்கள். பதின்மூன்றரை நிமிடங்கள் நீளும் இந்தப் பாட்டின் இறுதியில், இடைவெளிகளை வெட்டி வெட்டி அமைத்த ஒரு ரிஃப், அதாவது சிறு கிதார்ச் சொற்றொடர், நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறது. கிதாரும் டிரம்மின் பாஸும் ஒரே அடியில் விழுகின்றன. இதை அலுப்பு என்று தள்ளிவிடாமல், டிரம் கலைஞர் மார்ட்டின் லோபெஸின் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கால்கள் இடியாக விழும்போது சிம்பலில் அவருடைய அடி நாசூக்காகவே இருக்கிறது. உடனே ‘டாம்னேஷன்’ தொகுப்பின் முதல் பாடலான ‘விண்டோபேன்’ பக்கம் போங்கள். அதே கையின் அதே நாசூக்கு. காலின் இடி மட்டும் இல்லை. ஒரு சிறு கிதார்ச் சொற்றொடரை மயக்கம் வரும்வரை சுழற்றும் பழக்கமும் இரண்டிலும் ஒன்றே. ஆக, திரும்பச் சொல்லும் உத்தியும், சோகம் தோய்ந்த சுரப்போக்கும், மெதுவாக அடுக்கி ஏற்றும் முறையும் இரு பாணிகளுக்கும் பொதுச் சொத்து என்று இங்கேயே தெரிந்துவிடுகிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே வைக்க வேண்டிய மூன்றாவது பாடல் ஒன்று உண்டு. ‘டெலிவரன்ஸ்’ தொகுப்பிலேயே உள்ள ‘எ ஃபேர் ஜட்ஜ்மென்ட்’ பியானோவில் தொடங்கி, முழுக்க இயல்பான குரலில் பாடப்பட்டு, கடைசியில் மிகக் கனமான மெதுநடை ரிஃப்பில் முடிகிறது. இதைக் கேட்டபின் ஒரு விஷயம் தெளிவாகும்: உறுமல் குரலும் கிதாரின் கனமும் ஒரே கம்பியில் கோத்தவை அல்ல, தனித்தனியே போட்டு அணைக்கக்கூடிய இரண்டு சுவிட்சுகள். இரண்டும் எரிந்தால் ‘டெலிவரன்ஸ்’ பாடல். குரல் அணைந்து கனம் எரிந்தால் ‘எ ஃபேர் ஜட்ஜ்மென்ட்’. இரண்டும் அணைந்தால் ‘டாம்னேஷன்’. கனம் தணிந்து உறுமல் மட்டும் எரியும் நான்காவது சேர்க்கை மிச்சமிருக்கிறது. அதற்குக் கடைசியில் வருவோம்.

‘டாம்னேஷன்’ தொகுப்பை விட்டு நகர்வதற்கு முன் அதன் பின்னணியில் புகைபோலப் பரவும் தந்தி வாத்தியக் கூட்டம் போன்ற ஒலியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் மெலோட்ரான். 1960-களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தயாரான இந்தக் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த நாடா இருக்கிறது. கட்டையை அழுத்தினால் அந்த நாடாவில் முன்பே பதிந்த வயலினோ புல்லாங்குழலோ ஒலிக்கும். நாடா ஏறத்தாழ எட்டு நொடிகளில் தீர்ந்துவிடும் என்பதால், வாசிப்பவர் விரலை எடுத்துத்தான் மறுபடி அழுத்த வேண்டும். சற்றே நடுங்கும், சற்றே பிசகும் அந்தத் தொனி 1969-இல் வந்த கிங் கிரிம்சனின் முதல் தொகுப்புக்குப் பிறகு ப்ராக் இசையின் முத்திரையாகவே ஆகிவிட்டது. ‘டாம்னேஷன்’ தொகுப்பில் இதை வாசித்தவர் இங்கிலாந்தின் போர்க்குபைன் ட்ரீ குழுவைச் சேர்ந்த ஸ்டீவன் வில்சன். தயாரிப்பிலும் அவருக்குப் பங்கு உண்டு. இந்த ஒலியைச் செவி அடையாளம் கண்டுகொண்டபின், அடுத்து வரும் தொகுப்புகள் அனைத்திலும் அது எப்போது நுழைகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பதே ஒரு நல்ல அளவுகோலாகிவிடும்.

பின்னோக்கிப் போய் வேரைத் தேடுதல்

இப்போது 1996-க்குத் திரும்பலாம். ‘மார்னிங்ரைஸ்’ தொகுப்பில் ஐந்தே பாடல்கள். அவற்றில் ‘பிளாக் ரோஸ் இம்மார்ட்டல்’ மட்டும் இருபது நிமிடங்களைத் தாண்டுகிறது. இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே ஒரு பாட்டுக்குக் கொடுத்த பழைய ப்ராக் குழுக்களின் அளவை இளைஞர்களான டெத் மெட்டல்காரர்கள் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அளவைத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதைக் கட்டி எழுப்பும் கலை இன்னும் கைவரவில்லை என்பது என் எண்ணம். ஒரு ரிஃப் முடிந்ததும் சம்பந்தமில்லாத இன்னொன்று தொடங்குகிறது. இடையிலுள்ள தையல் வெளியே தெரிகிறது. அந்தத் தையல்களை எண்ணிக்கொண்டே கேட்பது பயனுள்ள பயிற்சி, ஏனெனில் பிற்காலத் தொகுப்புகளில் அவை எப்படி மறைந்தன என்பது அப்போதுதான் புரியும்.

அதே தொகுப்பின் கடைசிப் பாடலான ‘டு பிட் யூ ஃபேர்வெல்’ ஏறக்குறைய பதினொரு நிமிடங்கள் ஓடுகிறது. அதில் உறுமலே இல்லை. ‘ஹெரிட்டேஜ்’ வருவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்திருக்கிறார்கள். ‘ஆர்க்கிட்’ தொகுப்பில் அன்றைய டிரம் கலைஞர் வாசித்த ‘சில்லவெட்’ என்னும் தனிப் பியானோத் துண்டையும் இதோடு கேட்டுவிடுங்கள். 2011-இல் கட்சி மாறினார்கள் என்று குற்றம் சாட்டுபவர்களுக்கு இவ்விரண்டு பாடல்களும் போதுமான பதில்.

செவியோடு கண்ணையும் சிறிது பயன்படுத்தலாம். இந்தக் குழு தன் மூதாதையரின் பெயர்களை அட்டையிலேயே எழுதிவைத்த குழு. 1998-இன் ‘மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்’ என்ற தலைப்பு கோமஸ் என்னும் ஆங்கில நாட்டுப்புற ராக் குழுவின் பாடல் வரியிலிருந்து எடுத்தது. 1999-இன் ‘ஸ்டில் லைஃப்’ வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் 1976-இல் வெளியிட்ட தொகுப்பின் பெயர். 2001-இன் ‘பிளாக்வாட்டர் பார்க்’ 1970-களின் தொடக்கத்தில் ஒரே ஒரு தொகுப்போடு மறைந்த ஜெர்மானியக் குழு ஒன்றின் பெயர். ‘டெலிவரன்ஸ்’ தொகுப்பின் சிறிய வாத்தியத் துண்டு ஒன்று ஜெனிசிஸ் பாடல் ஒன்றின் பெயரைத் தாங்கியிருக்கிறது. உறுமிக்கொண்டிருந்த நாட்களிலேயே எந்தத் தட்டுகளை ஓக்கர்ஃபெல்ட் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதை இப்பெயர்கள் காட்டிக்கொடுக்கின்றன.

கீபோர்டு வந்து அமரும் இடம்

‘பிளாக்வாட்டர் பார்க்’ பலரும் இந்தக் குழுவின் உச்சமாகக் கருதும் தொகுப்பு. ஸ்டீவன் வில்சன் முதன்முதலாகத் தயாரிப்பாளராக வந்தது இதில்தான். இங்கே கேட்க வேண்டியது பகுதிகளுக்கு இடைப்பட்ட பாலங்களை. ‘தி டிரேப்பரி ஃபால்ஸ்’ பாடலில் இயல்பான குரல் நெடுநேரம் பாடியபின், ஏறக்குறையப் பாதியில்தான் உறுமல் நுழைகிறது. அந்த நுழைவு வரும் நொடிக்கு முன் டிரம் எங்கே தளர்கிறது, கிதார் எந்தச் சுரத்தில் நின்று காத்திருக்கிறது என்று இரண்டு மூன்று முறை பின்னிழுத்துக் கேளுங்கள். ஐந்தாண்டுகளுக்கு முன் வெளியே தெரிந்த தையல் இங்கே உள்ளே போய்விட்டது.

2005-இன் ‘கோஸ்ட் ரெவரீஸ்’ தொகுப்பில் பெர் வீபர்க் முழுநேரக் கீபோர்டு கலைஞராக இடம்பெறுகிறார். இது சாதாரண ஆள்சேர்ப்பு அன்று. அதுவரை கீபோர்டு விருந்தாளியின் கருவி. இனி அது குழுவின் நிரந்தர உறுப்பு, ஆகவே பாடல்கள் எழுதப்படும்போதே அதற்கு இடம் ஒதுக்கப்படுகிறது. ‘கோஸ்ட் ஆஃப் பெர்டிஷன்’ பாடலை எடுத்துக்கொண்டு, கிதாரைக் காதால் விலக்கிவிட்டுக் கீபோர்டை மட்டும் பின்தொடர முயலுங்கள். முதல் முறை கடினமாகத்தான் இருக்கும்.

தாளத்தை எண்ணிப் பார்க்கவும் இது ஏற்ற தொகுப்பு. தொடையில் கையால் தட்டிக்கொண்டே நான்கு நான்காக எண்ணுங்கள். கனமான அடி உங்கள் ‘ஒன்று’ மேல் விழாமல் நழுவிக்கொண்டே போனால், அந்த ரிஃப் வேறு எண்ணிக்கையில் இருக்கிறது என்று பொருள். ஐந்தாகவும் ஏழாகவும் ஆறாகவும் மாற்றி முயன்று பாருங்கள். கண்ட சாபும் மிஸ்ர சாபும் பழகிய கைக்கு இது பெரிய வேலை இல்லை.

2008-இன் ‘வாட்டர்ஷெட்’ இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் நிற்கச் சொல்லும் இரண்டாவது இடம். லோபெஸ் விலகிவிட்டார், நெடுநாள் கிதார் கலைஞர் பீட்டர் லிண்ட்கிரெனும் விலகிவிட்டார், மார்ட்டின் ஆக்சென்ரோட்டும் ஃபிரெட்ரிக் ஓக்கெஸனும் அவ்விடங்களுக்கு வந்திருக்கிறார்கள். தொகுப்பு மென்மையான ஒரு சிறு அக்கூஸ்டிக் பாடலோடு, பெண்குரலின் துணையோடு தொடங்குகிறது. அடுத்ததே முழுக்க உறுமலில் அமைந்த ‘ஏர் அப்பாரன்ட்’. இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டு, மூன்றாவதாக வரும் ‘தி லோட்டஸ் ஈட்டர்’ பாடலில் அவற்றைக் கலக்கிறார்கள். டிரம் வெறிகொண்டு ஓடும் வேகத்தின்மேல் இயல்பான குரல் அமைதியாகப் பாடுகிறது. நடுவில் எல்லாம் அடங்கி, கீபோர்டு ஏறக்குறைய நடன இசைபோலத் துள்ளுகிறது. முதல் முறை கேட்கும்போது இரண்டு பாடல்கள் தவறிக் கலந்துவிட்டனவோ என்று தோன்றலாம்.

அதே தொகுப்பின் ‘பர்டன்’ நேரடியாக 1970-களின் பாணியில் அமைந்த பாடல். ஆர்கனுக்குத் தனி ஆவர்த்தனம், பின்னர் இரு கிதார்களின் உரையாடல். பாட்டு முடிந்தபின் ஒரு அக்கூஸ்டிக் கிதார் தனித்து ஒலிக்கிறது. அது வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே ட்யூனிங் ஆணிகள் ஒவ்வொன்றாகத் தளர்த்தப்படுகின்றன. விரல் அதே இடத்தில் அழுத்துகிறது, அதே வரிசையில் மீட்டுகிறது. சுரம் மட்டும் கீழே கீழே சரிந்து அபசுரமாகிறது. இனிமையை விரும்பி வந்தவரைக் கடைசியில் நெளியவைக்கும் இந்தக் குறும்பு, அடுத்த தொகுப்பில் என்ன வரப்போகிறது என்பதற்கான முன்னறிவிப்பாகவும் எனக்குப் படுகிறது.

‘ஹெரிட்டேஜ்’: ஏமாற்றத்தைக் கடப்பது

‘வாட்டர்ஷெட்’ முடிந்தபின் ஓக்கர்ஃபெல்ட் அதே பாணியில் சில பாடல்களை எழுதிப் பார்த்தார். பாஸ் கலைஞர் மார்ட்டின் மெண்டெஸ் அவற்றைக் கேட்டுவிட்டு, அடுத்த தொகுப்பும் இப்படியே தொடர்ந்தால் தனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று சொன்னதாகவும், அதன்பின் அவை ஓரம்கட்டப்பட்டதாகவும் குழுவின் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. ஆகவே திருப்பம் ஒரு மனிதரின் பிடிவாதத்தால் மட்டும் வந்ததல்ல.

2011-இன் ‘ஹெரிட்டேஜ்’ தொகுப்பை முதல் முறை கேட்கும்போது, உறுமல் எப்போது வரும் என்று காத்திருப்பது இயல்பு. அது வரவே வராது. இதை முன்பே தெரிந்துகொண்டு, காத்திருப்பதை விட்டுவிட்டு, மூன்று விஷயங்களில் கவனம் வையுங்கள். முதலாவது டிரம்மின் ஒலி. முந்தைய தொகுப்புகளில் ஒவ்வொரு அடியும் மெருகேற்றப்பட்டு ஒரே பருமனில் ஒலித்தது. இங்கே ஒரு அறையில், ஒரு மனிதர், தோல் மேல் குச்சியால் அடிப்பது கேட்கிறது, மெதுவான அடி மெதுவாகவே விழுகிறது. ஆபா குழு பதிவு செய்த ஸ்டாக்ஹோமின் அட்லாண்டிஸ் கூடத்தில் இது பதிவாயிற்று. இரண்டாவது மெண்டெஸின் பாஸ். உருகுவேயில் பிறந்த இவர் பல ஆண்டுகளாகக் கிதார்களின் சுவருக்குப் பின்னால் நின்றவர். டிஸ்டார்ஷன் தணிந்ததும் சுவர் இறங்கிவிட, ‘தி டெவில்ஸ் ஆர்ச்சர்ட்’ பாடலில் பாஸ் தானே ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போவது தெரிகிறது. மூன்றாவது விருந்தினர்கள். ‘ஃபேமின்’ பாடலின் தாளக் கருவிகளை வாசித்தவர் பெரு நாட்டில் பிறந்து வெதர் ரிப்போர்ட் என்னும் ஜாஸ் குழுவில் வாசித்த அலெக்ஸ் அக்குன்யா. அதே பாடலின் புல்லாங்குழலை வாசித்தவர் சுவீடனின் பியோர்ன் யேசன் லிண்ட். மெட்டல் இசைக்கு வெளியே உள்ள கைகள் அழைக்கப்பட்டிருப்பது, குழு தன்னை எந்த அவையில் வைத்துப் பார்க்கிறது என்பதற்குச் சான்று.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ‘ஹெரிட்டேஜ்’ எனக்குப் பிடித்த தொகுப்பு அல்ல. ஒலி அற்புதமாக இருக்கிறது. பாடல்கள் பல இடங்களில் துண்டு துண்டாக நிற்கின்றன, ‘மார்னிங்ரைஸ்’ காலத்துத் தையல்கள் மீண்டும் தெரிகின்றன. புதிய மொழியைப் பேசத் தொடங்கிய எவருக்கும் நேரும் தடுமாற்றம் அது. ஆகவே இதை ஒரே முறை கேட்டுவிட்டு மாற்றமே தோல்வி என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள். தீர்ப்பை அடுத்த தொகுப்புவரை ஒத்திவையுங்கள். அட்டைப்படத்தையும் சற்றுப் பெரிதாக்கிப் பாருங்கள். மரத்தில் உறுப்பினர்களின் தலைகள் கனிகளாகத் தொங்குகின்றன. பதிவு முடிந்ததும் விலகிய வீபர்க்கின் தலை மட்டும் கிளையிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறது. வேர்களோ பாதாளம்வரை இறங்குகின்றன.

2014-இன் ‘பேல் கம்யூனியன்’ அந்தத் தடுமாற்றம் தீர்ந்த இடம். வேல்ஸின் ராக்ஃபீல்ட் கூடத்தில் பதிவான இதில், புதிய கீபோர்டு கலைஞர் யோவாகிம் ஸ்வால்பெர்கின் ஆர்கனும், அடுக்கடுக்கான கூட்டுக்குரலும், தந்தி வாத்தியங்களும் ஒரே உடலாக இயங்குகின்றன. இத்தாலியத் திகில் படங்களுக்கு இசையமைத்த கோப்லின் குழுவுக்கு வணக்கமாக அதே பெயரில் ஒரு வாத்தியத் துண்டும் உண்டு. குழுவினர் வேடிக்கைக்காக வாசிப்பது இந்தக் குழுவில் அபூர்வம், இங்கே அது கேட்கிறது. நேரம் குறைவாக இருப்பவர் ‘ஹெரிட்டேஜ்’ தொகுப்பை ஒதுக்கிவிட்டு நேரே இதற்கு வந்தாலும் பெரிய இழப்பில்லை.

2016-இன் ‘சார்சரஸ்’ சற்றே சீரற்றது. தலைப்புப் பாடலைக் கேட்டால் போதும். 2019-இன் ‘இன் காடா வெனினம்’ சுவீடிய மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என இரு பதிப்புகளாக வந்தது. வரிகள் முதலில் சுவீடிய மொழியில் எழுதப்பட்டவை என்பதால் அதையே முதலில் கேளுங்கள். பொருள் புரியாமல் கேட்கும்போது குரலை ஒரு வாத்தியமாகக் கேட்பது தானாகவே கைகூடும்.

மேடையில் சரிபார்ப்பது

ஓக்கர்ஃபெல்ட்டுக்கு உறும முடியாமல் போனதால்தான் பாணியை மாற்றினார் என்றொரு பேச்சு நெடுநாள் உலவியது. இதைச் சரிபார்க்க நேரடிக் கச்சேரிப் பதிவுகள் உதவும். அமெரிக்காவின் கொலராடோவில், ரெட் ராக்ஸ் திறந்தவெளி அரங்கில் 2017-இல் பதிவான கச்சேரியில் ‘டீமன் ஆஃப் தி ஃபால்’, ‘டெலிவரன்ஸ்’ போன்ற பழைய பாடல்களை உறுமலோடு பாடுகிறார். ‘தி டெவில்ஸ் ஆர்ச்சர்ட்’ பாடலும் அதே மாலையில் வருகிறது. முடியாமல் விட்டதல்ல, வேண்டாமென்று விட்டது. இதோடு 2003-இல் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் பதிவான கச்சேரியையும் கேளுங்கள். அதில் முதல் பாதி ‘டாம்னேஷன்’ பாடல்கள், இரண்டாம் பாதி கனமான பாடல்கள் என்று வகுத்திருந்தார்கள். 2003-இல் கோடு கிழித்துப் பிரித்துவைத்த இரண்டையும் 2017-இல் ஒரே வரிசையில் கலந்து வாசிக்கிறார்கள். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் பார்வையாளர் கூட்டம் எவ்வளவு தூரம் கூடவே நடந்து வந்திருக்கிறது என்பதும் கைதட்டலின் இடங்களில் தெரிகிறது.

நான்காவது சேர்க்கை

2024 நவம்பரில் வெளியான ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’ தொகுப்பில் உறுமல் திரும்பியது. முதல் உலகப்போருக்குப் பிந்தைய காலத்தில், ஒரு செல்வக் குடும்பத்தின் தலைவர் இறந்தபின் அவருடைய உயில் வாசிக்கப்படுவதுதான் கதை. கடைசிப் பாடல் ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குத் தலைப்பே இல்லை, சட்ட ஆவணத்தின் பத்திகளைப்போல எண்கள்தான். ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சன் வசனம் பேசுகிறார், புல்லாங்குழலும் வாசிக்கிறார். ஓக்கர்ஃபெல்ட் இளமையில் கேட்டு வளர்ந்த உலகத்தின் ஆள் ஒருவர், உறுமல் நிறைந்த தொகுப்பிலேயே வந்து அமர்கிறார்.

இதைப் பழைய பாணிக்குத் திரும்பிய தொகுப்பு என்று பலர் கொண்டாடினார்கள். கேட்டுப் பார்த்தால் அப்படியில்லை. ‘கோஸ்ட் ரெவரீஸ்’ தொகுப்பின் ஒரு பாடலையும் இதன் முதல் பாடலையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, குரலை மறந்து, கிதாரின் தொனியை மட்டும் ஒப்பிடுங்கள். முன்னதில் அது சுவர். பின்னதில் ஆர்கனுக்கும் பாஸுக்கும் வழிவிட்டு ஓரமாக நடக்கும் ஒரு கருவி. உறுமலும் இங்கே முன்போல நிமிடக்கணக்கில் தொடர்வதில்லை. கதையில் கடுமை வேண்டிய இடத்தில் நுழைந்து, வேலை முடிந்ததும் விலகி, பேச்சுக்கும் பாட்டுக்கும் இடம் விடுகிறது. கனம் தணிந்திருக்க உறுமல் மட்டும் எரியும் சேர்க்கை இதுதான். ‘டாம்னேஷன்’ முதல் ‘இன் காடா வெனினம்’ வரை சேர்த்த ப்ராக் பழக்கங்கள் இல்லாமல் இந்தத் தொகுப்பை எழுதியிருக்கவே முடியாது.

இதே முறையை வேறு குழுக்களுக்கும் பயன்படுத்தலாம், சிறு திருத்தத்தோடு. ஸ்டாக்ஹோமின் இன்னொரு குழுவான கட்டடோனியாவும் உறுமலிலிருந்து இயல்பான குரலுக்கு நகர்ந்தது. ஆனால் அங்கே பாடகர் யோனாஸ் ரெங்க்சேவால் உறுமலைத் தொடர முடியாமல் போனது உண்மையாகவே ஒரு காரணம். 1996-இன் ‘பிரேவ் மர்டர் டே’ தொகுப்பில் அவருக்குப் பதிலாக உறுமிக் கொடுத்தவர் வேறு யாருமல்ல, ஓக்கர்ஃபெல்ட்தான். அந்தக் குழுவில் முதலில் மாறியது குரல், பிறகே மற்றவை. நார்வேயின் என்ஸ்லேவ்ட் குழுவோ ப்ராக் பக்கம் நெடுந்தூரம் வந்தும் கரகரத்த குரலைக் கைவிடவே இல்லை. ஆகவே எந்தக் குழுவை எடுத்தாலும், இரண்டு சுவிட்சுகளில் எது முதலில் தொடப்பட்டது என்று கண்டுபிடிப்பதிலிருந்து கேட்கத் தொடங்குங்கள்.